ஜோஜுவாங்

ஜோஜுவாங் என்பது சீன மக்கள் குடியரசின் கிழக்குப் பகுதியில், ஜியாங்சு மாகாணத்தில் அமைந்துள்ள ஒரு பழமையான கால்வாய் நகரம் ஆகும். இது சூஜோ மாநகரத்தின் ஆட்சி எல்லைக்கு உட்பட்ட குன்ஷான் நகரின் கீழ் வருகின்றது. யாங்சி ஆற்றின் தென்கரைப் பகுதியான ஜியாங்னானில் காணப்படும் நீர்நகரங்களுள் இதுவே மிகவும் பெயர் பெற்றது எனலாம். சுமார் 0.47 சதுர கிலோமீட்டர் பரப்பளவே கொண்ட இதன் பழைய பகுதியில் யுவான், மிங், சிங் ஆகிய அரசமரபுகளின் காலத்தைச் சேர்ந்த 14 கல் பாலங்கள் உள்ளன. வீடுகளில் பெரும்பகுதி மிங், சிங் காலங்களின் அமைப்பைக் கொண்டவை. "கிழக்கின் வெனிசு" என அழைக்கப்படும் சீன நகரங்களுள் இதுவும் ஒன்று. ஷாங்காய், சூஜோ ஆகிய பெருநகரங்களில் இருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பெருந்தொகையான பயணிகள் இங்கு வருகின்றனர்.

பெயர்

சீன மொழியில் "ஜோ" என்பது ஒரு குடும்பப் பெயர். "ஜுவாங்" என்பது பண்ணை அல்லது பெருநிலக்கிழார் ஒருவரின் நிலத்தொகுதியைக் குறிக்கும். எனவே ஜோஜுவாங் என்பதற்கு "ஜோ என்பாரின் பண்ணை" என்று பொருள் கொள்ளலாம். இதன் பழைய பெயர் ஜென்ஃபெங்லி என்பதாகும். 1086 ஆம் ஆண்டில், வட சொங் அரசமரபின் காலத்தில், பௌத்த சமயத்தில் பற்றுடைய ஜோ டிகோங் என்பவர் இங்கிருந்த தமது 200 மு (சுமார் 13 எக்டேர்) நிலத்தைச் சுவான்ஃபு கோவிலுக்குக் கொடையாக வழங்கினார். அவருடைய நினைவாக மக்கள் இவ்வூரை ஜோஜுவாங் என அழைக்கத் தொடங்கினர். எனினும் சிங் அரசமரபைச் சேர்ந்த காங்சி பேரரசரின் ஆட்சிக்காலத் தொடக்கத்திலேயே இப்பெயர் நகரின் முறையான பெயராயிற்று.

அமைவிடமும் நீர்வழிகளும்

ஜோஜுவாங் சூஜோ நகருக்குத் தென்கிழக்கே சுமார் 38 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஷாங்காய் இதற்குக் கிழக்கே உள்ளது. இப்பகுதி தாய் ஏரியைச் சூழ்ந்த தாழ்வான சமவெளியின் ஒரு பகுதியாகும். யாங்சி ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் உருவான இச்சமவெளியில் ஏரிகளும், ஓடைகளும், வெட்டப்பட்ட கால்வாய்களும் வலைப்பின்னல் போல் அமைந்துள்ளன. நெல் வேளாண்மை, மீன்பிடி, பட்டுத்தொழில் ஆகியவை நெடுங்காலமாக இங்கு செழித்திருந்ததால் ஜியாங்னான் பகுதியைச் சீனர் "மீனும் நெல்லும் விளையும் நாடு" எனக் குறிப்பிடுவர்.

செங் ஏரி, பாய்சியான் ஏரி, டியான்ஷான் ஏரி, தென் ஏரி ஆகியவை ஜோஜுவாங்கைச் சூழ்ந்துள்ளன. ஏறத்தாழ எல்லாப் பக்கங்களிலும் நீரால் சூழப்பட்டிருப்பதால் இதனை ஒரு தீவு நகரம் என்றே கூறலாம். நகருக்குள் வடக்குத் தெற்காக இரண்டும் கிழக்கு மேற்காக இரண்டுமாக நான்கு முதன்மைக் கால்வாய்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. "கிணறு" என்பதைக் குறிக்கும் சீன எழுத்தும் இரண்டு நெடுங்கோடுகளையும் இரண்டு குறுக்குக் கோடுகளையும் கொண்டது. ஆகவே நகரின் அமைப்பை அவ்வெழுத்தின் வடிவத்துடன் ஒப்பிடுவது வழக்கம். தெருக்கள் இக்கால்வாய்களின் கரைகளை ஒட்டியே அமைந்துள்ளன.

வரலாறு

தோற்றமும் வளர்ச்சியும்

1127 ஆம் ஆண்டில் சூர்சென் மக்களின் சின் அரசு வட சீனாவைக் கைப்பற்றியபோது, சொங் அரசவை தெற்கு நோக்கி இடம்பெயர்ந்தது. அதனைத் தொடர்ந்து வட பகுதி மக்கள் பெருமளவில் யாங்சி ஆற்றுக்குத் தெற்கே வந்து குடியேறினர். அவர்களுள் ஒரு பகுதியினர் ஜோஜுவாங்கிலும் குடியேறியதால் சிற்றூராக இருந்த இவ்விடம் மெல்ல வளர்ச்சி அடைந்தது.

ஷென் வான்சான்

யுவான் அரசமரபின் காலத்தில் ஷென் யூ என்பவர் தமது குடும்பத்துடன் நான்சுன் பகுதியில் இருந்து இங்கு வந்து குடியேறினார். இவருடைய மகன் ஷென் வான்சான் சீன வரலாற்றின் மிகப்பெரும் செல்வர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர். வேளாண்மையில் தொடங்கிய இக்குடும்பம் பின்னர் வணிகத்தில் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டியது. இதற்கு நகரின் அமைவிடம் பெரிதும் உதவியது. பாய்சியான் ஆற்றின் வழியாக மேற்கே பெருங்கால்வாயையும், வடகிழக்கே லியு ஆற்றின் மூலம் கடலையும் அடைய முடிந்தது. பட்டு, பீங்கான், தானியம், கைவினைப் பொருட்கள் ஆகியவை ஜோஜுவாங்கில் சேர்க்கப்பட்டு வெளியிடங்களுக்கு அனுப்பப்பட்டன.

மிங் அரசமரபின் முதற் பேரரசரான ஹோங்வு, நாஞ்சிங் நகரின் மதிலைக் கட்டியபோது அதில் மூன்றில் ஒரு பங்கிற்கான செலவை ஷென் வான்சான் ஏற்றார் எனவும், பின்னர் பேரரசரின் படைக்கும் பரிசளிக்க முன்வந்ததால் சினத்துக்கு ஆளாகி யுன்னானுக்கு நாடு கடத்தப்பட்டார் எனவும் கூறப்படுகின்றது. இச்செய்தி மிங் அரசமரபின் அதிகாரபூர்வ வரலாற்று நூலிலும் இடம்பெற்றுள்ளது. எனினும் மிங் ஆட்சி தொடங்கும் முன்னரே அவர் இறந்துவிட்டார் எனக் கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர். எவ்வாறாயினும், செல்வம் மிகுந்த வணிகர் ஒருவர் பேரரசரின் ஐயத்துக்கு ஆளானார் என்னும் இக்கதை ஜோஜுவாங் மக்களின் நினைவில் ஆழப் பதிந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டு

தொடருந்தும் தார்ச்சாலையும் வந்த பின்னர் ஜியாங்னானின் போக்குவரத்து படிப்படியாக நீரில் இருந்து நிலத்துக்கு மாறியது. பல நகரங்களில் கால்வாய்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டுச் சாலைகள் ஆயின. 1980களில் சூஜோ வட்டாரத்தில் ஊர்ப்புறத் தொழிற்சாலைகள் வேகமாகப் பெருகியபோது பழைய வீடுகளும் பாலங்களும் இடிக்கப்பட்டன. ஜோஜுவாங் இம்மாற்றத்தில் இருந்து தப்பியதற்கு அதன் தனிமையே முக்கியக் காரணம் ஆகும். 1980களின் பெரும்பகுதியிலும் இங்கு செல்வதற்குப் படகையே நம்ப வேண்டியிருந்தது. சாலை இல்லாத இடத்துக்குச் சரக்குந்துகளும் வரவில்லை. கட்டிடப் பொருட்களும் எளிதில் வரவில்லை. முன்னர் செல்வத்தைக் கொணர்ந்த அதே நீர், பின்னர் நகரை வெளியுலகில் இருந்து பிரித்து வைத்து அதன் பழைய தோற்றத்தைக் காத்தது.

நகர அமைப்பும் கட்டிடங்களும்

ஜோஜுவாங்கின் வீடுகள் வெண்ணிறச் சுண்ணாம்புச் சுவர்களும் கருநிற ஓடுகளும் கொண்டவை. சட்டகம் மரத்தால் ஆனது. கால்வாய்க் கரையில் இடம் குறைவாக இருந்ததால் வீட்டின் முகப்பு ஒடுக்கமாகவும் உட்பகுதி நீளமாகவும் அமைந்தது. செல்வர்களின் வீடுகளில் ஒன்றன் பின் ஒன்றாகப் பல முற்றங்கள் உள்ளன. முற்றங்கள் உள்ளறைகளுக்கு ஒளியும் காற்றும் தருவதுடன் மழைநீரையும் வெளியேற்றுகின்றன. இவ்வாறான முற்ற வீடுகள் ஏறத்தாழ நூறும், செங்கல்லில் சிற்ப வேலை செய்யப்பட்ட வாயில்கள் அறுபதுக்கு மேலும் இங்கு உள்ளன.

பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று தெருவை நோக்கியும் மற்றொன்று நீரை நோக்கியும் அமைந்திருக்கும். நீர்ப்பக்க வாயிலில் இருந்து கற்படிகள் கால்வாய்க்குள் இறங்குகின்றன. இப்படித்துறைகளிலேயே மக்கள் துணி துவைத்தனர், அரிசியும் காய்கறியும் கழுவினர், படகில் வரும் வணிகரிடம் பொருள் வாங்கினர். கரைச் சுவரில் ஆங்காங்கே துளையிடப்பட்ட கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இவை படகின் கயிற்றைக் கட்டுவதற்கானவை. பலவற்றில் சிறு சிற்பங்களும் செதுக்கப்பட்டுள்ளன.

பாலங்கள் பெரும்பாலும் நடுவில் உயர்ந்து இருபுறமும் படிகளுடன் இறங்குகின்றன. சரக்கு ஏற்றிய படகுகள் அடியில் தடையின்றிச் செல்வதற்காகவே வளைவுகள் உயரமாகக் கட்டப்பட்டன. நடந்து செல்வோரும் பல்லக்குத் தூக்குவோரும் மட்டுமே பயன்படுத்தியதால் படிகள் அன்று ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

முக்கிய இடங்கள்

இரட்டைப் பாலம்

மிங் அரசமரபின் வான்லி ஆட்சிக்காலத்தில் (1573–1620) கட்டப்பட்ட ஷிட பாலம், யோங்ஆன் பாலம் ஆகிய இரண்டும் சேர்ந்து இரட்டைப் பாலம் எனப்படுகின்றன. இரண்டு கால்வாய்கள் சந்திக்கும் இடத்தில் இவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. ஒன்றின் திறப்பு வட்ட வளைவாகவும் மற்றையதன் திறப்பு சதுரமாகவும் உள்ளது. பழங்காலச் சீனத் திறவுகோலை ஒத்திருப்பதால் உள்ளூர் மக்கள் இதனைத் "திறவுகோல் பாலம்" என்றும் அழைப்பர்.

ஃபுஆன் பாலம்

இது 1355 ஆம் ஆண்டில், யுவான் அரசமரபின் காலத்தில், முதன்முதலாகக் கட்டப்பட்ட ஒற்றை வளைவுக் கல் பாலம் ஆகும். பாலத்தின் நான்கு மூலைகளிலும் மாடிக் கட்டிடங்கள் ஒட்டி நிற்கின்றன. பாலமும் கட்டிடங்களும் ஒன்றிணைந்த இத்தகைய அமைப்பு ஜியாங்னான் நீர்நகரங்களில் அரிதாகவே காணப்படுகின்றது.

ஷென் மாளிகை

ஷென் வான்சானின் வழித்தோன்றலான ஷென் பென்ரென் என்பவரால் 1742 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் ஏழு முற்றங்களும், ஐந்து அணிவாயில்களும், நூற்றுக்கு மேற்பட்ட அறைகளும் கொண்டது. நீர்வாயிலும் படகுத்துறையும் முதற்பகுதியாகும். விருந்தினரை வரவேற்கும் தேநீர்க் கூடமும் பெருங்கூடமும் நடுப்பகுதியாகும். குடும்பத்தினர் வாழ்ந்த மாடிகள் பிற்பகுதியாகும். வெளியாரும் வணிகமும் முன்பகுதியோடு நிற்க, குடும்ப வாழ்க்கை உட்பகுதியில் நடைபெறும் முறையை இம்மாளிகையின் அமைப்பில் இருந்து தெளிவாக அறியலாம்.

ஜாங் மாளிகை

மிங் அரசமரபின் ஜெங்டோங் ஆட்சிக்காலத்தில் (1436–1449) சூ குடும்பத்தினரால் கட்டப்பட்ட இம்மாளிகை, சிங் காலத் தொடக்கத்தில் ஜாங் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. எழுபதுக்கு மேற்பட்ட அறைகளைக் கொண்டது. இதன் உள்ளேயே ருவோஜிங் என்னும் சிறு நீரோடை ஓடுவது இதன் தனிச்சிறப்பு. பல்லக்கில் வருவோர் முன்வாயில் வழியாக உள்ளே வரலாம். படகில் வருவோர் வீட்டினுள்ளேயே இறங்கலாம். படகு திரும்புவதற்கென வீட்டுக்குள் ஒரு சிறு குளமும் அமைக்கப்பட்டுள்ளது.

கோவில்கள்

செங்சு கோவில் சொங் காலத்தில் நிறுவப்பட்ட தாவோயியக் கோவில் ஆகும். ஜோ டிகோங் நிலக்கொடை அளித்த பழைய சுவான்ஃபு கோவில் இன்று இல்லை. அதே பெயரில் தென் ஏரிக்கரையில் 1995 ஆம் ஆண்டில் புதிய பௌத்தக் கோவில் கட்டப்பட்டது.

மி லோ

ஜென்ஃபெங் பாலத்தை அடுத்துள்ள இம்மாடிக் கட்டிடம் முன்னர் ஒரு மதுவகமாக இருந்தது. சிங் ஆட்சிக்கு எதிராக 1909 ஆம் ஆண்டில் தோன்றிய "தென் சங்கம்" என்னும் இலக்கிய அமைப்பைச் சேர்ந்த கவிஞர் லியு யாசியும் அவருடைய நண்பர்களும் 1920 ஆம் ஆண்டில் இங்கு கூடிக் கவிதை இயற்றினர். இதே அமைப்பைச் சேர்ந்த அரசியலாளர் யே சூசாங்கின் (1887–1946) இல்லமும் ஜோஜுவாங்கில் உள்ளது.

ஓவியத்தால் பெற்ற புகழ்

1980களின் தொடக்கம் வரை சீனாவுக்கு வெளியே ஜோஜுவாங்கை அறிந்தோர் மிகச் சிலரே. இந்நிலையை மாற்றியவர் ஓவியர் சென் யிஃபேய் (1946–2005). நிங்போவில் பிறந்து ஷாங்காயில் பயின்ற இவர் 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கு ஜியாங்னான் நீர்நகரங்களை எண்ணெய் வண்ண ஓவியங்களாக வரைந்தார். அவற்றுள் இரட்டைப் பாலத்தைச் சித்திரிக்கும் ஓவியம் "தாயகத்தின் நினைவுகள்" என்னும் பொருள்படப் பெயரிடப்பட்டிருந்தது. அமெரிக்க எண்ணெய்த் தொழிலதிபரும் கலைப்பொருள் சேகரிப்பாளருமான ஆர்மண்ட் ஹேமர் இதனை வாங்கி, 1984 ஆம் ஆண்டில் சீனாவுக்குச் சென்றபோது அந்நாட்டுத் தலைவர் டெங் சியாவோபிங்கிற்குப் பரிசாக அளித்தார். 1985 ஆம் ஆண்டில் இவ்வோவியம் ஐக்கிய நாடுகள் அஞ்சல் தொடர்பான முதல் நாள் உறை ஒன்றிலும் இடம்பெற்றது. இதன் பின்னர் செய்தியாளர்களும், ஓவியர்களும், ஒளிப்படக் கலைஞர்களும் இந்நகரைத் தேடி வரத் தொடங்கினர். 1989 ஆம் ஆண்டில் தாய்வான் எழுத்தாளர் சான்மாவோ இங்கு வந்து சென்றார். அவருடைய பெயரில் ஒரு தேநீரகம் இங்கு உள்ளது.

பாதுகாப்பு முயற்சிகள்

ஜோஜுவாங்கின் பாதுகாப்பில் ஷாங்காயின் தோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யிசானின் பங்கு முதன்மையானது. நகரத் திட்டமிடல் அறிஞரான இவர் 1980களில் ஜியாங்னானின் பழைய நகரங்களை ஆராய்ந்து, எஞ்சியிருந்தவற்றைக் காப்பதற்கான திட்டங்களைத் தம் மாணவர்களுடன் வகுத்தார். அப்போது உள்ளூர் அலுவலர்கள் பலர், பழமையைப் பேணுவது வளர்ச்சிக்குத் தடை என்று கருதினர். பழைய நகரை அப்படியே விட்டுவிட்டு, தொழிலையும் புதிய குடியிருப்புகளையும் அதற்கு வெளியே அமைப்பது என்பதே ருவானின் திட்டத்தின் அடிப்படை ஆகும். 1990களின் பிற்பகுதியில் பழைய நகரைப் பாதிக்கும் வகையில் ஒரு நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டபோது ருவானும் பிற அறிஞர்களும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர்.

2003 ஆம் ஆண்டில் சீன அரசு அறிவித்த வரலாற்று, பண்பாட்டு நகரங்களின் முதற் பட்டியலில் ஜோஜுவாங் இடம்பெற்றது. அதே ஆண்டில் ஜோஜுவாங், தோங்லி, லுஜி, நான்சுன், வுஜென், சித்தாங் ஆகிய ஆறு நீர்நகரங்களுக்கும் யுனெசுக்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது வழங்கப்பட்டது. ஜியாங்னான் நீர்நகரங்கள் சீனாவின் உலக பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டுள்ளன. 2007 ஆம் ஆண்டில் ஜோஜுவாங் சீனாவின் மிக உயர்ந்த சுற்றுலாத் தரமான 5ஏ தரத்தைப் பெற்றது.

உணவும் பண்பாடும்

ஜோஜுவாங்கின் பெயர் பெற்ற உணவு "வான்சான் பன்றிக்கால்" ஆகும். எலும்போடு கூடிய பன்றிக்கால் இறைச்சியைச் சோயா சாறு, சர்க்கரை, நறுமணப் பொருட்கள் ஆகியவற்றுடன் பல மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்து இதனைத் தயாரிப்பர். இதைப் பற்றிய கதை ஒன்று உண்டு. விருந்துக்கு வந்த ஹோங்வு பேரரசர் இவ்வுணவின் பெயரைக் கேட்டார். பன்றியைக் குறிக்கும் சீனச் சொல்லும் பேரரசரின் குடும்பப் பெயரான "ஜு" என்பதும் ஒரே ஒலியுடையவை. ஆகையால் ஷென் வான்சான் அச்சொல்லைத் தவிர்த்து, தம் தொடையைத் தட்டி, இது வான்சானின் கால் என்று விடையளித்தார். பேரரசர் முன் கத்தி எடுப்பது குற்றம் என்பதால், இறைச்சியில் இருந்த மெல்லிய எலும்பை உருவி அதனாலேயே வெட்டிக் கொடுத்தார் என்பர். இன்றும் எலும்பாலேயே இறைச்சியை வெட்டிப் பரிமாறும் வழக்கம் உள்ளது.

"பாட்டிமார் தேநீர்" என்பது இங்குள்ள மற்றொரு வழக்கம். மூத்த பெண்கள் ஒருவர் வீட்டில் கூடி, ஊறவைத்த காய்கறி முதலிய தின்பண்டங்களுடன் தேநீர் அருந்தி உரையாடுவர். குன்ஷான் வட்டாரம் குன்ச்சு என்னும் செவ்வியல் இசை நாடகத்தின் பிறப்பிடமாகும். 2001 ஆம் ஆண்டில் யுனெசுக்கோவால் சிறப்பிக்கப்பட்ட இக்கலை ஜோஜுவாங்கின் பழைய நாடக மேடையில் பயணிகளுக்காக நிகழ்த்தப்படுகின்றது.

ஒருநாள் பயணம்

ஷாங்காய், சூஜோ ஆகிய இரு நகரங்களில் இருந்தும் பேருந்து அல்லது வாடகை மகிழுந்து மூலம் ஜோஜுவாங்கை அடையலாம். சாலை நெரிசலைப் பொறுத்துப் பயணம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். பகல் நேரத்தில் பழைய நகருக்குள் செல்வதற்கு நுழைவுச் சீட்டு பெற வேண்டும். பழைய நகர் சிறியது என்பதால் முழுவதையும் நடந்தே பார்க்கலாம். இரட்டைப் பாலம், ஜாங் மாளிகை, ஃபுஆன் பாலம், ஷென் மாளிகை ஆகியவை ஒன்றுக்கொன்று அருகில் உள்ளன.

நடைக்குப் பின்னர் படகில் செல்வது நகரின் அமைப்பைப் புரிந்துகொள்ள உதவும். தெருவில் இருந்து பார்க்கும்போது தெரியாத நீர்வாயில்களையும் படித்துறைகளையும் படகில் இருந்தே காண முடியும். படகுகள் பின்புறம் பொருத்தப்பட்ட ஒரே நீண்ட துடுப்பால் செலுத்தப்படுகின்றன. துடுப்பைப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் அசைப்பதன் மூலம் படகு முன்னே செல்கின்றது. பக்கங்களில் துடுப்புகள் நீட்டிக்கொண்டிராததால் ஒடுக்கமான கால்வாய்களுக்கு இம்முறை ஏற்றது. படகு ஓட்டுவோரில் பலர் பெண்கள். இவர்கள் வட்டார நாட்டுப்புறப் பாடல்களையும் பாடுவதுண்டு.

பயணக் குழுக்கள் வருவதற்கு முன்னரான காலை வேளையும், அவை திரும்பிய பின்னரான மாலை வேளையும் நெரிசல் குறைந்தவை. மே தின விடுமுறையிலும் அக்டோபர் 1 ஆம் நாள் தொடங்கும் தேசிய விடுமுறை வாரத்திலும் கூட்டம் மிக அதிகம். வசந்த காலமும் இலையுதிர் காலமும் பயணத்துக்கு ஏற்றவை. சூன் மாதத்தில் தொடங்கும் "பிளம் மழை"க் காலத்தில் நாள்கணக்கில் தூறல் இருக்கும். பாலங்களில் படிகள் மிகுதியாக இருப்பதால் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் முதியோருக்கும் சில பகுதிகளை அடைவது கடினம்.

சிக்கல்கள்

சுற்றுலா வருவாய் பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்கவும், மின் கம்பிகளையும் கழிவுநீர்க் குழாய்களையும் நிலத்தடியில் அமைக்கவும் உதவியது. அதே வேளையில் அது நகரின் வாழ்க்கையையும் மாற்றியது. கால்வாய்க் கரையில் இருந்த வீடுகளில் பல நினைவுப்பொருள் கடைகளாகவும், உணவகங்களாகவும், தங்கும் விடுதிகளாகவும் மாறின. பல குடும்பங்கள், குறிப்பாக இளையோர், வசதிகள் மிகுந்த புதிய குடியிருப்புப் பகுதிகளுக்கும் வேலைவாய்ப்பு மிகுந்த நகரங்களுக்கும் சென்றனர். குன்ஷான் இன்று மடிக்கணினி முதலிய மின்னணுப் பொருட்கள் உற்பத்திக்குப் பெயர் பெற்ற தொழில் மையமாக விளங்குவதும் இதற்கு ஒரு காரணம் ஆகும். கடைகள் பலவற்றை வெளியூரார் வாடகைக்கு எடுத்து நடத்துகின்றனர்.

ஒரே வகையான பொருட்களை விற்கும் கடைகளும் மிகுந்த நெரிசலும் நகரின் இயல்பைக் கெடுப்பதாகச் சீன நாளிதழ்களிலும் அறிஞர்களிடையேயும் திறனாய்வுகள் எழுந்துள்ளன. பாலங்களையும் மாளிகைகளையும் காப்பதற்கு வழிகள் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் படித்துறையில் துணி துவைப்போரும், மாலையில் வாயிலில் அமர்ந்து உரையாடுவோரும் இல்லாமற் போனால், எஞ்சுவது ஓர் அருங்காட்சியகமே என்பது இத்திறனாய்வுகளின் சாரம். அண்டையில் உள்ள தோங்லி, சித்தாங் முதலிய நகரங்களும் இதே சிக்கலை வெவ்வேறு அளவில் எதிர்கொள்கின்றன. கட்டிடங்களோடு குடியிருப்போரையும் தக்கவைப்பது எவ்வாறு என்பது ஜியாங்னான் நீர்நகரங்களின் பாதுகாப்பில் இன்னும் தீர்வு காணப்படாத கேள்வியாக உள்ளது.